சொந்த இடம் (ஒரு சொல்லில் மட்டும்)

மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டத் தடை.
மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்,
தமிழில் மட்டும் ‘நெறுப்பு’ என்று.

பகலெல்லாம் பெய்த மழையில்
தோல் இளகிப்போன ஆறு தப்புகளோடு
மருதவீரன் படியில் நிற்கிறான்.
தட்டினால்
ஈரச் சாக்கைத் தட்டின சத்தம்.
“ஒரு பேப்பர் கொளுத்தினா போதுங்கக்கா,
ரெண்டு நிமிசம்.”
காவலாளி கூரையைக் காட்டுகிறார்.
அங்கே சிவப்புக் கண்ணோடு
புகையை மோப்பம் பிடிக்கும் ஒரு வெள்ளை வட்டம்.

என் வேலை அறிவிப்பு.
கையில் படிவம்:
குழு, ஆட்கள், கருவி, நிமிடம்,
பிறகு அந்தக் கட்டம்.
மன்னாரிலிருந்து வந்த பாஸ்குக்காரர்
பார்க்காமலே நிரப்பிவிட்டார்கள்.
மட்டக்களப்பார் இருவர்
வடமோடி முதலா தென்மோடி முதலா என்று
வாசலிலேயே பிரிந்து நிற்கிறார்கள்,
இரவு பஸ்ஸில்
ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி வந்தவர்கள்.

“மலையகம் என்று போடவா?”

“நா பொறந்தது வனாத்தமுல்லைங்க.
அட்டன் பக்கம் ரெண்டு தரம் போயிருக்கேன்.
ஒண்ணு சாவுக்கு.
மத்தது, குளிர் தாங்காம அன்னைக்கே திரும்பிட்டேன்.”

“அப்போ, கொழும்பு?”

“கொழும்புன்னு போட்டா
கொழும்புல ஏது தப்புன்னு கேப்பாங்க.”

தெரியும்.
நான் பிறந்தது கொட்டாஞ்சேனை,
ஞானஸ்நானம் கொச்சிக்கடை.
யாராவது கேட்டால் கொழும்பு என்பேன்.
தலையை ஆட்டுவார்கள்.
ஒரு கடி வடையை மென்று விழுங்கும் நேரம் விட்டு,
“அது சரி, சொந்த இடம்?”

வீதிக்கு அந்தப் பக்கம் நிஸ்பாரின் கொத்துக் கடை.
“மாட்டுத் தோல்தானே மவன்?
அப்ப கொண்டா. தகட்டுல மட்டும் படாமப் புடி.”
ஆறு தப்பும் அனலுக்கு முகம் காட்டின.
வெங்காயம், முட்டை, ஈரத்தோல்,
எல்லாம் ஒரே ஆவி.
மருதவீரன் குச்சியால் ஒன்றைச் சுண்டினான்.
வீதி திரும்பிப் பார்த்தது.

நிஸ்பாரின் இரண்டு தகடும் சும்மா இருக்கவில்லை.
அவன் மூன்று போட்டால் இவர் ஐந்து,
இவர் நிறுத்தின இடத்தில் அவன் நுழைந்தான்.
“இது எங்கட றபான் அடி,” என்றார் காத்தான்குடிக்காரர்.
“எங்க சாமி அடிங்க இது.”
மட்டக்களப்பார் இருவரும் முதல்முறையாக ஒத்துப்போய்,
“இது கூத்தில ராசா வாற தாளம் கா.”
ஓட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டிச் சிங்களத்தில்,
பெரஹராவுக்கு அடிப்பதல்லவா என்றார்.
மூன்றாம் மேசைக்காரரின் கொத்து
அதற்குள் கருகிவிட்டது.
அவர் எந்த ஊரென்று யாரும் கேட்கவில்லை.

மேடையில் படிவத்தைப் பிரித்தேன்.
கட்டத்தின்மேல் ஓர் எண்ணெய்ப் பொட்டு.
“ஆட்கள் ஆறு, நிமிடம் பத்து,
கருவி தப்பு,” என்று வாசித்தேன்.
வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.
அதற்குள் அடி விழுந்துவிட்டது.

சாமி அடி, கல்யாண அடி,
பிறகு எழுதித்தராத ஒன்று.
குறுக்கமாய், விடாமல், காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி.
முன்வரிசை கைதட்டத் தாளம் தேடியது.
பின்கதவோரம் ஏணிப்படியில் தூங்கிக்கொண்டிருந்த
மண்டபம் கூட்டும் செவனம்மா
விருட்டென்று எழுந்தாள்.
கூந்தலை முடிந்தாள். ஒரு கை முதுகுக்குப் போய்க்
கூடையைத் தேடியது.

பிரட்டுக்கு அடிக்கிற அடி.
விடியலில் கொழுந்துக்குப் பேர் கொடுக்க
ஆட்களைக் கூப்பிடுவது.

முடிந்ததும் நேரே அவனிடம் போனாள்.
காலில் விழப்போகிறாளோ என்றுகூட நினைத்தேன்.
“அந்தச் சத்தம் கேக்கக்கூடாதுன்னுதான்டா
பதினஞ்சு வயசுல பஸ் ஏறுனேன்.
இங்கயும் வந்து கூப்புடுறியா?”
விளக்குமாற்றை எடுத்தாள்.

மருதவீரன் தப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.
இன்னும் சூடு.
“அக்கா,” என்றான் என்னிடம்,
“அந்தக் கட்டத்த
அப்படியே விட்டுருங்க.”